பிற குறிப்புகள்

வலயத்திலிருந்து வந்த படிவத்தில் பதினொரு நிரல்கள்.
பத்து, எண்களுக்கு.
பதினோராவது "பிற குறிப்புகள்",
என் சின்னவிரல் அகலம்.
நாளைக் காலை அதிபரின் மேசைக்குப் போகவேணும்.

முத்தையன்கட்டில் ஞாயிறு பின்னேரம்.
மின்சாரம் போய், வந்து, திரும்பவும் போய்விட்டது.
இருபத்திமூன்று விடைத்தாள்கள்.
ஒன்றின் மூலையில் மீன்குழம்பு மணக்கிறது.

டினோயன், கணிதம், பதினெட்டு.
ஏழாவது கேள்வி:
காலை 6.50க்கு ஒட்டுசுட்டானில் புறப்படும் பஸ்
8.05க்கு முல்லைத்தீவை அடைந்தால்
பயண நேரம் எவ்வளவு?
அவன் எழுதியிருக்கிறான்:
"மழை எண்டால் பஸ் வராது ரீச்சர்."
சிவப்புப் பேனையால் பூச்சியம் போட்டேன்.
போட்ட பிறகு
அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
போன கார்த்திகையில்
சந்தியில் நனைந்துகொண்டு நின்ற என்னிடம்
சைக்கிளை நிறுத்தி இதையே சொன்னவன் அவன்தான்.
அன்றைக்கு அது சரியான விடை.

லக்சிகா, தொண்ணூற்றாறு.
எந்த நிரலிலும் அவளுக்குக் குறை இல்லை.
கிழமைக்கு ஓர் அழிறப்பர் மட்டும்
தேய்ந்து முடிகிறது.
சரியாக எழுதினதையும் அழிப்பாள்,
தாள் ஓட்டையாகும் மட்டும்.
இந்தத் தவணை ஒருநாள்
பிழையான விடையோடு கையை உயர்த்தினாள்.
வகுப்பு சிரித்தது.
கொஞ்சம் பிந்தி அவளும் சிரித்தாள்.

கபிசன் மாசியில் புதிதாக வந்தவன்.
இடாப்புக் கூப்பிட்டால் கை மட்டும் எழும்பும்,
குரல் எழும்பாது.
வைகாசியில் ஒரு செவ்வாய்
"ஆரடா என்ர பென்சிலை எடுத்தது?" என்று
கூரைத் தகரம் அதிரக் கத்தினான்.
நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
என் முகத்தை அவன் காணக்கூடாது என்று.
தமிழ் வாசிப்பு, இருபத்தொன்று.

இதையெல்லாம் எழுதிவைக்க
நீலமட்டைக் கொப்பி ஒன்று வாங்கியிருந்தேன்.
முதல் மாதம் பக்கம் பக்கமாக எழுதினேன்.
இரண்டாம் மாதம்
"பகிர்ந்தான்", "கேள்வி கேட்டாள்",
பக்கத்தில் ஒரு சரி அடையாளம்.
மூன்றாம் மாதம் புரட்டிப் பார்த்தால்
ஒரு பிள்ளையின் அன்புக்குப்
பத்துக்கு ஆறு போட்டிருக்கிறேன்.
எந்தப் பிள்ளை என்று சொல்லமாட்டேன்.
கொப்பி இப்போது லாச்சிக்குள், அடியில்.

வெள்ளிக்கிழமை மிதுசிகாவின் தாய்
கார்மென்ட்ஸ் பஸ்ஸால் இறங்கி நேரே வந்தாள்.
நல்ல பிள்ளை, என்றேன்.
ஒன்றாம் ஆண்டுச் சின்னனுக்குச்
சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிறாள், என்றேன்.
கேட்டுக்கொண்டு நின்றாள்.
"அது வீட்டிலயும் செய்யிறவள்தானே ரீச்சர்.
நானும் நல்ல பிள்ளை எண்டுதான் பேர் எடுத்தனான்.
புள்ளியைச் சொல்லுங்கோ.
வெட்டுப்புள்ளிக்கு எத்தினை காணாது?"

இருபத்தேழு, என்றேன்.

ஊசி ஏறின விரலை மடித்து
என்னவோ கணக்குப் பார்த்தபடி
படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.
அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.
இரண்டு நாளாக யோசிக்கிறேன்,
இன்னும் இல்லை.

அதனால் பத்து நிரல்களையும்
ஒரு புள்ளி கூட்டாமல் குறைக்காமல் நிரப்பினேன்.
அந்த எண்களுக்காக ஒருத்தி
இரவு வேலைக்கும் போகிறாள்.

பிறகு சின்னவிரல் அகலத்துக்குள்
எழுத்தை நுணுக்கி:
லக்சிகா, பிழைவிடப் பழகுகிறாள்.
கபிசன், பென்சில் கிடைத்துவிட்டது.
வலயத்தில் ஆருக்கும் விளங்காது.
விளங்காவிட்டால் கேட்கட்டும்.

மிதுசிகாவின் கட்டத்தில் பேனை நின்றுவிட்டது.
அவளுக்குப் பின்னம்தான் இடிக்குது.
நாளையிலிருந்து பள்ளிக்கூடம் விட்ட பிறகு
அரை மணித்தியாலம் நிற்கச் சொல்லவேணும்.
கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.

கடைசியாக
டினோயனின் தாளைத் திரும்ப எடுத்தேன்.
பூச்சியத்தை மாற்றவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
"உண்மைதான்.
வந்தால், எவ்வளவு நேரம்?"